குறுக்கே வந்தது யார்?

இன்னைக்கு எபிசோடை ஒரு சென்னை வசனத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். சைக்கிள்ல போற ஒருத்தர் பள்ளத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஒடிக்கிறார், பின்னாடி வர்ற காருக்கு முன்னால வந்துடறார்னு வைங்க. பிரேக் சத்தம் கேட்கும். கார் கண்ணாடி இறங்கும். உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

எல்லாருக்கும் பழகின வசனம். சிரிச்சுட்டுப் போயிடுவோம். ஆனா அதுக்குள்ள ஒரு முழு சட்டக் கொள்கையே இருக்கு. ரோடு காருக்கானது. உயிரைக் காப்பாத்திக்கிற வேலை சைக்கிள்காரருடையது. ஏதாவது ஆச்சுன்னா அது அவர் வீட்டுப் பிரச்சினை. இந்த மூணையும் அந்த மூணு வார்த்தை சொல்லிடுது.

கார் சைக்கிள் மேல மோதினா, அந்த இழப்பை யார் தாங்கணும்? இதுதான் இன்னைக்குக் கேள்வி. இந்தக் கேள்விக்கு 130 வருஷ வரலாறு இருக்கு. ஜெயிலுக்கு யார் போகணும்ங்கறது வேற கேள்வி, அதுக்குக் கடைசியில வர்றேன். இப்போதைக்கு ஆஸ்பத்திரி பில், போன சம்பளம், போன உயிர், இதுக்கெல்லாம் யார் பணம் கொடுக்கணும்ங்கறதை மட்டும் பார்ப்போம்.

1896-க்குப் போவோம். அந்த வருஷம் மே 30 அன்று நியூயார்க்கில் ஒரு கார் பந்தயம் நடந்தது. அப்போது கார் என்றால் குதிரை இல்லாத குதிரை வண்டி, அவ்வளவுதான். ஹென்றி வெல்ஸ் என்பவர் ஓட்டிவந்த டுரியா மோட்டார் வண்டி, சைக்கிளில் வந்த ஒரு பெண் மீது மோதியது. அவருக்குக் கால் முறிந்தது. வெல்ஸ் அன்றிரவு லாக்கப்பில் இருந்தார். அமெரிக்காவின் முதல் கார் விபத்து என்று பல புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. கவனிச்சீங்களா? அந்த நாட்டோட கார் விபத்து வரலாறே ஒரு சைக்கிள்காரர்கிட்டதான் தொடங்குது.

அதே வருஷம் ஆகஸ்ட் 17, லண்டன். கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பொதுமக்களைக் காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடந்து போய்க்கொண்டிருந்த பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயதுப் பெண் மீது அதில் ஒரு கார் மோதியது. அவர் இறந்துபோனார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் வந்தேன், மணி அடித்தேன், சத்தம் போட்டேன் என்றார் டிரைவர். கார் ரொம்ப வேகமாக வந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள். விசாரணை ஜூரி பல மணி நேரம் கேட்டுவிட்டு, இது தற்செயலான மரணம் என்று முடித்தது. யார் மீதும் வழக்கு இல்லை.

"ஹாரன் அடிச்சேனே, ஏன் விலகல?" 1896-லயே இந்த வாதம் இருந்திருக்கு.

அந்தக் காலச் சட்டம் ஏன் அப்படி முடிவெடுத்தது? அதுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒருத்தர் இன்னொருத்தருக்கு நஷ்டஈடு தரணும்னா, அவர் தப்பு செஞ்சிருக்கணும். தப்பு செஞ்சார்னு அடிபட்டவர் நிரூபிக்கணும். நிரூபிக்க முடியலைன்னா, இழப்பு எங்க விழுந்ததோ அங்கேயே கிடக்கும். ரெண்டு பேர் தெருவுல நடந்து போறப்ப இடிச்சுக்கிட்டாலோ, ரெண்டு மாட்டு வண்டி உரசிக்கிட்டாலோ இது ஓரளவு நியாயமான விதி. ரெண்டு பக்கமும் எடை கிட்டத்தட்ட ஒண்ணு. அடியும் கிட்டத்தட்ட ஒண்ணு. ரெண்டு பேரும் உயிரோட இருந்து அவங்கவங்க கதையைச் சொல்லலாம்.

இப்போ ஒரு பக்கம் 1,000 கிலோ கார், இன்னொரு பக்கம் 15 கிலோ சைக்கிள்னு வைங்க. முதல் வித்தியாசம், அடி ஒரு பக்கம்தான் விழும். கார்காரருக்கு பம்பர்ல கீறல், சைக்கிள்காரருக்கு முதுகெலும்பு. ரெண்டாவது வித்தியாசத்தை நாம அதிகம் யோசிக்கறதில்ல: கதை சொல்ல ஒருத்தர்தான் மிச்சம் இருப்பார். சைக்கிள்காரர் இறந்துட்டா, இல்ல தலையில அடிபட்டு எதுவும் ஞாபகம் இல்லைன்னா, என்ன நடந்ததுன்னு சொல்லப்போறது டிரைவர் மட்டும்தான். அவர் என்ன சொல்வார்? "குறுக்கே வந்துட்டாங்க." அது பொய்யாகவே இருக்கணும்னு இல்ல. அவர் கண்ணுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா அதை மறுக்க எதிர்ப்பக்கம் ஆள் இல்ல. நிரூபிக்கிற சுமையையும் இறந்தவர் குடும்பம்தான் தூக்கணும்.

இது சரியா வராதுன்னு முதல்ல புரிஞ்சுக்கிட்ட நாடுகள்ல ஜெர்மனி ஒண்ணு. அங்கே அதற்கு ஒரு முன்னோடி இருந்தது. ரயில் வந்தபோதே, 1838-ல், பிரஷ்யா ஒரு சட்டம் போட்டது: ரயிலால் ஒருவருக்குக் கேடு வந்தால், ரயில் கம்பெனி தப்பு செய்ததா என்று பார்க்க வேண்டாம், கம்பெனியே பொறுப்பு. ரயில் நல்லது, எல்லோருக்கும் தேவை, தடை செய்ய முடியாது. ஆனால் ஊருக்குள் புதிதாக ஓர் ஆபத்தைக் கொண்டுவந்து அதில் லாபம் பார்ப்பவர், அந்த ஆபத்தின் செலவையும் ஏற்க வேண்டும். இதுதான் அந்த யோசனை. 1909-ல் ஜெர்மனி முதல் மோட்டார் வாகனச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இதே யோசனையைக் காருக்கும் நீட்டியது. வண்டியை வைத்திருப்பவரே பொறுப்பு. அதிலிருந்து தப்ப வேண்டுமானால், விபத்து எந்த வகையிலும் தவிர்க்க முடியாதது என்று அவர்தான் காட்ட வேண்டும்.

இங்க கேள்வியே மாறிடுச்சு, பாருங்க. "தப்பு யாருது?"ங்கற கேள்வி போய், "ஆபத்தைக் கொண்டுவந்தது யாரு?"ங்கற கேள்வி வந்துடுச்சு. முதல் கேள்விக்குப் பதில் ஒவ்வொரு விபத்துலயும் மாறும். ரெண்டாவது கேள்விக்குக் கார், சைக்கிள் விபத்துல எப்பவும் ஒரே பதில்தான். சைக்கிள் மோதி கார்ல இருக்கறவர் சாகறதில்ல.

இந்தப் புது கேள்வியை எடுத்துக்கிட்டு ரொம்ப தூரம் போன நாடு நெதர்லாந்து. இன்ஸ்டாகிராம்ல ஆம்ஸ்டர்டாம் சைக்கிள் ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. "அங்கெல்லாம் கார்காரன்தான் எப்பவும் குற்றவாளி, சட்டமே அப்படி"ன்னு கமென்ட்ல யாராவது எழுதியிருப்பாங்க. பாதி உண்மை, பாதி கட்டுக்கதை. பிரிச்சுப் பார்ப்போம்.

டச்சுக்காரங்க சைக்கிள் மேல இருந்த பாசத்துல அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாங்கன்னு நினைக்கிறோம். தேதியைப் பார்த்தா அப்படித் தெரியல. விதி வந்தது 1924-ல். மோட்டார் வண்டி மோதி, மோட்டார் வண்டியில் இல்லாத ஒருவருக்குக் கேடு வந்தால், வண்டிக்காரர் பொறுப்பு. தன் கைமீறிய காரணத்தால் நடந்தது என்று அவர் நிரூபித்தால் மட்டும் விடுதலை. அந்தக் 'கைமீறிய காரணத்துக்கு' டச்சு மொழியில் ஓவர்மாக்ட் என்று பெயர். 1951 முதல் இது புதிய போக்குவரத்துச் சட்டத்தின் 31-ஆம் பிரிவானது. இன்று 1994-ஆம் வருடச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு. எண் மாறிக்கொண்டே வந்தது, யோசனை கிட்டத்தட்ட நூறு வருஷமாக அதேதான்.

1924-ல கார் வெச்சிருந்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். எல்லாரும் நடந்தாங்க, இல்ல சைக்கிள்ல போனாங்க. அதனால "குறுக்கே வந்தது யாரு?"ன்னு கேட்டா ஊருக்கே பதில் தெரியும்: கார்தான். தெருவுக்குப் புதுசா வந்த விருந்தாளி அதுதான். இன்னைக்கு நமக்கு உல்டாவா தெரியறதுக்குக் காரணம், நாம பொறக்கறதுக்கு முன்னாடியே விருந்தாளி வீட்டை எழுதி வாங்கிட்டதுதான்.

விதி இருந்தா போதாது, பணம் கொடுக்க ஆள் வேணும். மோதினவர்கிட்ட காசு இல்லைன்னா, பொறுப்பு அவருதுன்னு கோர்ட் சொல்லி என்ன பிரயோஜனம்? அதனால் 1963-ல் கட்டாய வாகன இன்ஷூரன்ஸ் சட்டம் போட்டார்கள். 1965-லிருந்து அது அமலுக்கு வந்தது. அடிபட்டவர் டிரைவர் பின்னால் அலையாமல், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமே நேராகக் கேட்கலாம். இந்த இடம் ரொம்ப முக்கியம். இதுக்கப்புறம் "கார்காரர் பொறுப்பு"ன்னா அவர் சொத்தை விக்கணும்னு அர்த்தமில்ல. கார் வெச்சிருக்கிற எல்லாரும் வருஷா வருஷம் கட்டற பிரீமியத்துலேர்ந்து அந்தப் பணம் வரும். ஒரு குடும்பம் மொத்தமா தாங்க முடியாத இழப்பை, லட்சக்கணக்கான பேர் கொஞ்சம் கொஞ்சமா தாங்கறாங்க.

ஆக 1965-க்குள்ள நெதர்லாந்துகிட்ட நல்ல சட்டமும் இருக்கு, அதுக்குப் பின்னால காசும் இருக்கு. அப்போ அங்க தெரு பாதுகாப்பா இருந்திருக்கணும் இல்ல? இல்லவே இல்ல.

போருக்குப் பின் வசதி வந்தது, கார் பெருகியது. நகரங்களை இடித்து அகலமான ரோடு போட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அந்தச் சின்ன நாட்டில் ஒரே வருடத்தில் 3,000-க்கும் அதிகமானோர் ரோட்டில் இறந்தார்கள். அதில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் மகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகும் வழியில் கார் மோதி இறந்தாள். 1972-ல் அவர் டே டைட் என்ற நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பையே பெயராக எடுத்துக்கொண்டு ஓர் இயக்கம் தொடங்கியது: 'குழந்தைக் கொலையை நிறுத்து'. 'விபத்து' என்ற சொல்லை அவர்கள் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரான மார்ட்யே வான் புட்டன் அதன் முதல் தலைவர். தெருக்களை மறித்தார்கள், சைக்கிள் ஊர்வலம் போனார்கள். அடுத்த வருடம் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க அரசாங்கமே ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டது. கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று ஒரு தலைமுறை கண்ணால் பார்த்தது.

இங்கே சட்டத்தோட எல்லை தெரியுது. இழப்பீட்டுச் சட்டம் மோதினதுக்கு அப்புறம்தான் வேலை செய்யும். லாங்கன்ஹாஃப் மாதிரி ஒரு அப்பாவுக்கு செக் கொடுக்க முடியும், மகளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மரணத்தைக் குறைக்கறதுல பெரிய வேலையைச் செஞ்சது ரோட்டை மாத்தின விதம்தான்: தனி சைக்கிள் பாதை, குடியிருப்புத் தெருவில் கார் நடை வேகத்தில்தான் போகணும்ங்கற 'வூன்எர்ஃப்' முறை (1976-ல் அதுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைச்சது), அப்புறம் 1980களில் வந்த 30 கிலோமீட்டர் வேகப் பகுதிகள். 2022-ல் அந்த நாட்டில் ரோட்டில் இறந்தவர்கள் சுமார் 740 பேர். 1970களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அதில் 290-ஐ ஒட்டியவர்கள் சைக்கிளில் போனவர்கள். சொர்க்கம்னு ஒண்ணும் இல்ல.

அப்போ சட்டம் வேஸ்ட்டா? இல்ல. அதோட வேலை வேற. தெரு மாறின அப்புறமும் மோதல் நடக்கும். அப்போ யார் தாங்கறதுங்கறது அதோட வேலை. அதைத் துல்லியமாச் சொன்னது 1990-லிருந்து 1992 வரைக்கும் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் கொடுத்த சில தீர்ப்புகள்.

கோர்ட் முன்னால் இருந்த சிக்கல் இது. வண்டிக்காரர் பொறுப்பு, சரி. ஆனால் சைக்கிள்காரர் மீதும் தப்பு இருந்தால்? சிவப்பு சிக்னலைத் தாண்டினார், லைட் இல்லாமல் வந்தார், கை காட்டாமல் திரும்பினார். அப்போது இழப்பீட்டைக் குறைக்கலாமா? எவ்வளவு?

14 வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தை என்றால், குறைக்கக் கூடாது என்றது கோர்ட். நூறு சதவீதமும் வண்டிக்காரர் தரப்பே. அந்தக் குழந்தை வேண்டுமென்றே செய்தது, அல்லது கிட்டத்தட்ட அதற்குச் சமமான துணிச்சலோடு செய்தது என்றால் மட்டும் விதிவிலக்கு. பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வருவது குழந்தையின் இயல்பு. இயல்பைத் தப்பு என்று கணக்கில் எழுத முடியாது.

14 வயசு ஆனவர்கள், பெரியவர்கள் என்றால், அவர்கள் மீது தப்பு இருந்தாலும் குறைந்தது பாதி கட்டாயம் கிடைக்கும். மீதிப் பாதியில்தான் யார் தப்பு எவ்வளவு என்ற கணக்கு. வேண்டுமென்றே செய்ததற்கும், அதற்குச் சமமான துணிச்சலுக்கும் இங்கேயும் விலக்கு உண்டு. அந்தப் பாதி ஏன்? மோட்டார் வண்டி ரோட்டில் இருப்பதாலேயே வரும் ஆபத்துக்கு அது விலை.

ஓவர்மாக்ட் இருக்கே, அதைச் சொல்லித் தப்பிக்க முடியாதான்னு கேட்பீங்க. முடியும், ஆனா கஷ்டம். தன் பக்கம் குறை சொல்ல எதுவுமே இல்லை என்று டிரைவர் காட்ட வேண்டும். அது மட்டும் போதாது. எதிரில் வந்தவர் செய்த தப்பு, யாரும் எதிர்பார்க்கவே முடியாத அளவுக்கு விசித்திரமானது என்றும் காட்ட வேண்டும். ஊருக்குள்ள சைக்கிள்காரர் திடீர்னு திரும்பறது எதிர்பார்க்க முடியாததா? ஸ்கூல் பக்கத்துல குழந்தை ஓடி வர்றது எதிர்பார்க்க முடியாததா? "குறுக்கே வந்துட்டாங்க"ன்னு சொன்னா, "வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கோர்ட் திருப்பிக் கேட்கும்.

இப்போ கட்டுக்கதையைப் பார்ப்போம். "கார்காரன்தான் எப்பவும் குற்றவாளி"ங்கறது தப்பு. 185-ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு மட்டும்தான். டிரைவரைக் கிரிமினல் கோர்ட்டில் தண்டிக்கணும்னா, அவர் தப்பை அரசுத் தரப்பு வழக்கம்போல நிரூபித்தே ஆக வேண்டும். சைக்கிள்காரர் சிக்னல் தாண்டினால் அவருக்கும் ஃபைன் உண்டு. ரெண்டு கார் மோதிக்கிட்டாலும் இந்த விதி வராது. டச்சுக்காரங்க எல்லாரும் இதை ஆனந்தமா ஏத்துக்கிட்டாங்கன்னும் இல்ல. 1990களின் கடைசியில் வின்னி சோர்க்டிராகர் சட்டத்துறை அமைச்சராக இருந்தபோது இந்தப் பாதுகாப்பை இன்னும் அதிகமாக்க ஒரு மசோதா வந்தது. தறிகெட்டு ஓட்டும் சைக்கிள்காரர்களுக்கு நாங்கள் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மசோதா பின்னர் கைவிடப்பட்டது. நூறு வருஷம் பழகின நாட்டுலயே இந்தச் சண்டை முடியலை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நம்மகிட்ட இப்படி ஒரு சட்டமே இல்லைன்னுதான் பல பேர் நினைச்சுட்டிருக்காங்க. இருக்கு. ஆனா ரெண்டு கதவா இருக்கு. எந்தக் கதவு வழியா போறீங்கங்கறதைப் பொறுத்து கேள்வி மாறும்.

1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம்தான் நம் அடித்தளம். அதில் கட்டாயமான தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் 1946-ல் அமலுக்கு வந்தது. அதாவது நெதர்லாந்துக்குச் சுமார் 20 வருஷம் முன்னாடியே! 1956-ல் செய்த திருத்தத்தால், சிவில் கோர்ட்டில் அலையாமல் இழப்பீடு கேட்கத் தனித் தீர்ப்பாயங்கள் வந்தன. பணம் வர வழி இருந்தது, கேட்க இடமும் இருந்தது. கேள்வி மட்டும் பழைய ஆங்கிலேயக் கேள்வியாகவே இருந்தது: தப்பு யாருது? நிரூபி. 1977-ல் உச்ச நீதிமன்றம் மினு மேத்தா வழக்கில் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. டிரைவரின் அலட்சியம் நிரூபணமாகாமல் ஓனரோ இன்ஷூரன்ஸ் கம்பெனியோ பணம் தர வேண்டியதில்லை.

1982-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தப்பு யாருடையதாக இருந்தாலும், இறந்தால் 15,000 ரூபாய், நிரந்தர ஊனம் என்றால் 7,500 ரூபாய். தொகை சின்னது, ஆனால் நம் சட்டத்தில் முதல் தடவையாகப் புதிய கேள்வி நுழைந்தது. 1987-ல் குஜராத் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இறந்தது 14 வயதுப் பையன், இழப்பீடு கேட்டது அவன் சகோதரர்கள். போக்குவரத்து இவ்வளவு பெருகிய காலத்தில் பழைய விதியை மட்டும் வைத்துக்கொண்டு நியாயம் செய்ய முடியாது என்ற திசையில் அந்தத் தீர்ப்பு பேசியது. 1988-ல் புதிய சட்டம் வந்தது, 1994-ல் தொகை 50,000 ஆனது. 2001-ல் இன்னொரு வழக்கு: டயர் வெடித்து ஜீப் கவிழ்ந்து, நடந்து போனவர் இறந்துபோனார். டிரைவர் மீது அலட்சியம் இல்லை என்றாலும் இழப்பீடு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 2019 திருத்தத்தில் 164-ஆம் பிரிவு வந்தது, 2022 ஏப்ரலில் அமலானது: இறந்தால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் இரண்டரை லட்சம். தப்பை நிரூபிக்க வேண்டாம்.

இது முதல் கதவு. ரெண்டாவது கதவு 166-ஆம் பிரிவு. அங்க தொகைக்கு உச்சவரம்பு இல்ல, ஆனா டிரைவர் அலட்சியம்னு காட்டணும். சைக்கிள்காரர் மேலும் தப்புன்னு தீர்ப்பாயம் நினைச்சா, அதுக்கேத்த சதவீதத்தைக் கழிச்சுடும். 164-ல காசை வாங்கிட்டா, 166 மனு காலாவதி ஆயிடும்.

கணக்கு போட்டாத்தான் இதோட கனம் புரியும். மாசம் 20,000 சம்பாதிக்கிற 25 வயசுப் பையன். சைக்கிள்ல டெலிவரி பண்றான், கல்யாணம் ஆகலை. கார் மோதி இறந்துபோறான்னு வைங்க. 2009-லயும் 2017-லயும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, சுயதொழில் செய்யற 40 வயசுக்குக் கீழே உள்ளவருக்கு எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்க்கணும். ஆக 28,000. கல்யாணம் ஆகாதவர் என்பதால் சொந்தச் செலவுக்குப் பாதி கழியும்: 14,000. அதை 12 மாசத்தால பெருக்கி, அவன் வயசுக்கான 18-ஆல பெருக்கினா 30,24,000 ரூபாய்.

அவன் அம்மா முன்னால இப்போ ரெண்டு கதவு. ஒண்ணுல கேள்வியே கிடையாது, 5 லட்சம். இன்னொண்ணுல 30 லட்சம், ஆனா "உன் பையன் குறுக்கே வந்தானா?"ங்கற கேள்விக்குப் பதில் சொல்லணும். பாதித் தப்பு அவனுதுன்னா 15 லட்சம். முழுத் தப்பும் அவனுதுன்னா ஒண்ணுமில்ல. பதில் சொல்ல வேண்டிய ஆள் உயிரோட இல்ல. அந்தக் கேஸ்ல முதல் காகிதம் ஸ்டேஷன்ல எழுதற எஃப்.ஐ.ஆர். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்"னு அதுல இருக்கா, "திடீரென குறுக்கே வந்ததால்"னு இருக்கா? அந்த ஒரு வரியோட விலை பல லட்சம். அதனாலதான் சொல்றேன்: உங்க வீட்ல, உங்க நண்பர் வட்டத்துல இப்படி ஒண்ணு நடந்தா, அந்த எடத்து சிசிடிவி காட்சி அழியறதுக்கு முன்னாடி கேட்டு வாங்குங்க. பார்த்தவங்க நம்பரை வாங்கி வெச்சுக்குங்க. எஃப்.ஐ.ஆர். காப்பியைப் படிச்சுப் பாருங்க. 164-ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட 166 கணக்கைப் போட்டுக் கேளுங்க.

நெதர்லாந்தையும் நம்ம ஊரையும் பக்கத்துல வெச்சா வித்தியாசம் எங்கன்னு இப்போ தெரியும். "அவங்ககிட்ட சட்டம் இருக்கு, நம்மகிட்ட இல்ல"ங்கறது இல்ல. "தப்பு யாருது?"ங்கற கேள்வி அங்கேயும் இருக்கு. ஆனா அந்தக் கேள்வி அடிபட்ட பெரியவரோட பாதி இழப்பீட்டை மட்டும்தான் தொட முடியும். குழந்தையோட இழப்பீட்டைத் தொடவே முடியாது. பதில் சொல்ற சுமையும் கார் பக்கம். நம்ம ஊர்ல 5 லட்சத்துக்கு மேல இருக்கிற ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கேள்வியில மாட்டியிருக்கு, சுமை சைக்கிள் பக்கம்.

இதை மாத்தப் பெரிய புரட்சி வேணும்னு எனக்குத் தோணல. கட்டாய இன்ஷூரன்ஸ் 1946-லேர்ந்து இருக்கு. தீர்ப்பாயம் 1956-லேர்ந்து இருக்கு. தப்பைக் கேட்காத இழப்பீடு 1982-லேர்ந்து இருக்கு. ரெண்டு கதவுக்கு நடுவுல இருக்கிற சுவர்தான் மிச்சம். சைக்கிள்ல போறவருக்கும் நடந்து போறவருக்கும் 166-லயும் ஒரு கீழ்வரம்பு, குழந்தைகளுக்கு முழுத் தொகை. இவ்வளவுதான் கேட்கறோம். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். ஏறட்டும். கார் வெச்சிருக்கிற நாமெல்லாம் சேர்ந்து அதைக் கட்டலாம். இப்போ அந்த மொத்த பில்லையும் கார் வாங்க வசதியில்லாத ஒரு குடும்பம் தனியா கட்டிட்டு இருக்கு.

அடுத்த எபிசோட்ல நடைபாதையோட வரலாறு. அதுவரைக்கும் பார்த்துப் போங்க. கார்ல போறவங்க கொஞ்சம் கூடுதலாவே பார்த்துப் போங்க.